நாவின் கீழ் வைக்கும் குளிசை

சிலாபத்திலிருந்து புத்தளக் கரையோரமாக வடக்கு நோக்கிச் செல்பவர், ஒரு புறம் கடலும் மறு புறம் களப்பும் அணைத்து நிற்கும் உடப்பு என்னும் தமிழ்க் கிராமத்தை அடைவர். வடகீழ்ப் பருவக் காலத்தில் மேற்குக் கடல் அமைதி கொண்டதும் அங்கே கரைவலைத் தொழில் தொடங்குகிறது. தோணி வலையைக் கடலில் வளைத்து விட்டுக் கரை சேர்ந்தபின், வலையின் இரு தலைக் கயிறுகளையும் இரண்டு அணியினர் பற்றி இழுப்பர். ஒருவர் அம்பாப் பாடலின் அடியை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பின்பாட்டுப் பாடி, மணலிற் குதிகாலை ஊன்றி, உடலைப் பின்னே சாய்த்து, அடியடியாகப் பின்வாங்கும் காட்சி காண்பதற்கு இனியது. அண்மைக் காலத்தில் உழவு இயந்திரத்திற் பூட்டிய சுழலிகள் சில இடங்களில் மனிதக் கைகளுக்கு மாற்றாக வந்துவிட்டன. எனினும், உழைக்கும் உடலின் இயல்பை அறிய விரும்புபவனுக்கு இக்கரையைக் காட்டிலும் நல்ல பாடசாலை வேறில்லை.

இவ்வணியில் ஐம்பத்தைந்து வயதுடைய ஒருவரை மனத்தில் நிறுத்திக்கொள்வோம். வலை கரையை நெருங்கிக் கயிறு பாரமாகும் வேளையில், அவருடைய நடு மார்பில் பாறாங்கல்லை வைத்தாற் போன்ற ஓர் அழுத்தம் தோன்றுகிறது. இடத் தோளுக்கும் கீழ்த் தாடைக்கும் அது பரவுகிறது. கயிற்றை விட்டு மணலில் அமர்ந்தால் நாலைந்து நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. வாய்வு என்று எண்ணிச் சில மாதங்கள் இஞ்சிச் சாற்றோடு கழிக்கிறார். பின்னர் மகளின் வற்புறுத்தலால் வைத்தியசாலைக்குச் செல்ல, அங்கே வேறு மருந்துகளோடு, நோவு வரும்போது நாவின் கீழ் வைக்குமாறு சிறு குளிசைகள் அடங்கிய போத்தல் ஒன்றும் கொடுக்கிறார்கள். மறு கிழமை நோவு வருகிறது. கயிற்றின் அருகில் நின்றபடியே குளிசையை வாயிலிடுகிறார். நோவு மறைகிறது, ஆனால் முகம் சூடேறித் தலை விண்ணென்று தெறிக்கிறது. கண் இருள்கிறது, கால் சோர்கிறது, மணலிற் சரிந்து விழுகிறார்.

அன்று முதல் அவர் அதனைத் தொடுவதில்லை. "இது தசையைத் தளர்த்துகிற மருந்தாம், கயிறு பிடிக்கிறவனுக்கு இது ஆகாது" என்பது அவர் தீர்ப்பு. அவருடைய அச்சத்தை நாம் எளிதாக நகைத்துத் தள்ளிவிட இயலாது. சம்மாட்டியிடம் அவர் பெறும் பங்கு அந்தக் கைகளின் வலுவினால் வருவது. கை சோர்ந்தால் அடுப்பும் சோரும். ஆகவே போத்தல் வாடியின் வளையில் தூங்குகிறது. மனிதர் மார்பு நோவோடு கயிறு இழுக்கிறார்.

அவர் கூறியதிற் பாதி உண்மை. அம்மருந்து தசையைத் தளர்த்துவதே. ஆனால் எந்தத் தசையை என்பதில்தான் அவர் உயிர் தங்கியிருக்கிறது.

கரைவலைக் கயிற்றையே மீண்டும் நோக்குவோம். இழுப்பவர்கள் சற்று மூச்சு வாங்க நிற்கும்போதும் கயிற்றை முற்றாகத் தொய்ய விடுவதில்லை. தொய்ய விட்டால் வலை குலையும், மீன் தப்பும். இழுக்காத வேளையிலும் கயிற்றில் ஓர் இறுக்கம் இருந்துகொண்டே இருக்கிறது. நம் உடலின் தசைகளும் இத்தகையனவே. ஓய்ந்திருக்கும்போதும் அவை ஓரளவு சுருங்கியே இருக்கின்றன. இந்த நிலையான இறுக்கத்தையே தசையிறுக்கம் என்கிறோம்.

எனினும் உடலிலுள்ள தசை ஒரே வகையினதன்று. கயிற்றை இழுக்கும் கைத்தசை, எலும்போடு இணைந்து, நம் விருப்பத்துக்கு இணங்கி நடப்பது. அதன் இறுக்கத்தை மூளையும் முள்ளந்தண்டு வடமும் நரம்புகளின் வழியே ஆள்கின்றன. இரத்தக் குழாய்களின் சுவரிலே வளையம் வளையமாக அமைந்துள்ள தசை வேறு. மழமழப்பான தசை என்று பாடநூல்கள் கூறும் இது நம் விருப்பத்தைக் கேட்பதில்லை. இரவும் பகலும் குழாயைச் சற்றே இறுக்கிப் பிடித்து, எந்த உறுப்புக்கு எவ்வளவு இரத்தம் செல்லவேண்டும் என்பதை வகுத்துக் கொடுக்கிறது. நாவின் கீழ்க் குளிசை தளர்த்துவது இந்த இரண்டாவது தசையை. கயிறு பிடிக்கும் கையின் தசையை அது சோர்வடையச் செய்வதில்லை.

இம்மருந்து மனிதன் கைக்கு வந்த வரலாறு ஒரு கதைபோல் அமைந்தது. உழைக்கும்போது தோன்றி ஓய்ந்தால் மறையும் இம்மார்பு நோவை இலண்டன் வைத்தியர் வில்லியம் ஹெபர்டன் 1768 ஆம் ஆண்டில் அரச வைத்தியர் கல்லூரியில் விவரித்தார். நடக்கும்போது, சிறப்பாக மேடேறும்போதும் உணவுக்குப் பின்னும், மார்பை நெரிப்பதுபோல் வருவதென்றும், நின்றவுடன் நீங்குவதென்றும் அவர் எழுதிய அடையாளங்கள் இன்றும் மாற்றமின்றிப் பொருந்துகின்றன. நோயைக் கண்டறிந்தாரே அன்றி மருந்து அவரிடம் இருக்கவில்லை. அதற்கு நூறு ஆண்டுகள் கழியவேண்டியிருந்தது.

1867 இல் எடின்பரோ வைத்தியசாலையில் தோமஸ் லோடர் பிரன்ரன் என்னும் இளைஞர் பணியாற்றினார். அவருக்கு அப்போது வயது இருபத்து மூன்று. இரவுதோறும் மார்பு நோவால் துன்புற்ற ஒரு நோயாளியிடம் அவர் இரண்டு செய்திகளைக் கவனித்தார். இரத்தத்தைச் சிறிது வெளியேற்றினால் நோவு தணிந்தது என்பது ஒன்று. நோவு வரும் வேளையில் நாடித் துடிப்பைப் பதியும் கருவி நாடியின் இறுக்கம் கூடுவதைக் காட்டியது என்பது மற்றொன்று. அவ்வாறாயின் குழாயின் இறுக்கத்தைக் குறைக்கும் பொருள் நோவையும் குறைக்குமன்றோ? அமைல் நைத்திரைற்று என்ற திரவத்தின் ஆவி இரத்த அழுத்தத்தைக் குறைப்பதை அவருடைய நண்பர் ஆதர் காம்ஜி ஆராய்ந்திருந்தார். பிரன்ரன் அதனைத் துணியில் விட்டு நோயாளியை முகரச் செய்தார். முகம் சிவந்தது, ஒரு நிமிடத்துக்குள் நோவு அகன்றது. ஓர் ஊகத்தை அளந்து பார்த்து, அளவையிலிருந்து மருந்துக்குச் சென்ற அந்த நெறிமுறை, மருந்தினும் பெரிது என்றே எனக்குத் தோன்றுகிறது.

நைத்திரோகிளிசரினோ வேறு குடியிற் பிறந்தது. இத்தாலியின் தூரின் நகரில் அஸ்கானியோ சொப்ரேரோ 1847 இல் அதனை ஆக்கினார். சிறிதளவு நாவில் வைத்துப் பார்த்தபோது அவருக்குக் கடுந் தலைவலி உண்டாயிற்று. சற்று அதிர்ந்தாலும் வெடிக்கும் அந்த எண்ணெயைக் கண்டு அவர் அஞ்சினார். அஞ்சாத அல்பிரட் நோபல் அதனை ஒருவகை மண்ணில் ஊறச் செய்து டைனமைற்று ஆக்கி 1867 இல் உரிமை பெற்றார். பிரன்ரன் தம் நோயாளிக்கு நிவாரணம் கண்ட அதே ஆண்டு அது. டைனமைற்று என்ற பெயர் நம் கரையோரத்தாருக்குப் புதியதன்று. வெடி போட்டு மீன் பிடிப்பதை 1996 ஆம் ஆண்டின் கடற்றொழிற் சட்டம் தடுத்திருந்தும், அவ்வழக்கம் முற்றாக ஒழிந்தபாடில்லை.

வெடிப்பொருளை மருந்தாக்கியவர் இலண்டன் வைத்தியர் வில்லியம் மரல். நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், நைத்திரோகிளிசரின் கரைசலில் நனைந்த தக்கையை அவர் தம் நாவிலே தொட்டுப் பார்த்தார். சில கணத்தில் உடலெங்கும் நாடி அடிப்பதை உணர்ந்தார். எழுதுகோல் பிடித்த கையும் துடிப்புக்கேற்ப அசைந்ததாம். பலமுறை தம்மிடமும் பின்னர் நோயாளிகளிடமும் சோதித்து 1879 இல் லான்செற் என்னும் வைத்திய ஏட்டில் எழுதினார். வெடிமருந்தைத் தின்னச் சொன்னால் நோயாளி ஓடிவிடுவான் என்பதனாற் போலும், ரினித்திரின் என்ற பெயரில் அது மருந்துச் சாலைகளுக்கு வந்தது. முதுமையில் இதயநோயுற்ற நோபலுக்கே அதனை வைத்தியர்கள் குறித்துக் கொடுத்தனர். அவ்விந்தையைத் தம் கடிதமொன்றில் அவரே வியந்து எழுதியிருக்கிறார்.

மருந்து வேலை செய்கிறது என்பது தெரிந்தது. எவ்வாறு என்பது தெரியவில்லை. இதயத்துக்கு இரத்தம் கொண்டு செல்லும் முடியுரு நாடிகளை அது விரித்துவிடுகிறது, அதனால் நோவு தீர்கிறது என்றே நெடுங்காலம் எண்ணினர். அதிற் சிறிது உண்மை உண்டு. ஆனால் கொழுப்புப் படிந்து தடித்த நாடி அவ்வளவு எளிதில் விரிந்து கொடுப்பதில்லை. முதன்மையான பணி இதயத்துக்கு வெளியே, நாளங்களில் நடைபெறுகிறது. உடலிலுள்ள இரத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எந்நேரமும் நாளங்களிலேயே தங்கியிருக்கிறது. அவற்றின் சுவர் தளர்ந்தால், மாரியில் களப்பு அகன்று மழைநீரை ஏற்பதுபோல, அவை அகன்று மேலும் இரத்தத்தை ஏற்றுக்கொள்கின்றன. இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் அந்த அளவுக்குக் குறைகிறது. நிரப்பம் குறைந்த இதயம் குறைந்த வலிமையோடு இறைத்தாற் போதும். அதற்கு வேண்டிய ஒட்சிசனும் குறைகிறது. நோவு என்பது, கேட்கும் ஒட்சிசனுக்கும் கிடைக்கும் ஒட்சிசனுக்கும் இடையிலுள்ள பற்றாக்குறையே. குளிசை வரவைப் பெரிதாகக் கூட்டுவதில்லை, செலவைக் குறைக்கிறது. இதயத்துக்கு இது வலுவூட்டும் மருந்து என்று பலர் நினைப்பது பிழை. பாரத்தை இறக்கி வைக்கும் மருந்து என்பதே பொருந்தும்.

சுவர்த் தசை ஏன் தளர்கிறது என்ற கேள்விக்கு விடை கிடைக்க மரலின் கட்டுரைக்குப் பின் மேலும் ஒரு நூற்றாண்டு சென்றது. 1977 இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் பெரிட் முராட், இம்மருந்துகளிலிருந்து நைத்திரிக்கு ஒட்சைட்டு என்ற வாயு வெளிவந்து தசையைத் தளர்த்துகிறது என்று காட்டினார். நியூயோர்க்கின் புரூக்ளினில் ரொபேட் பர்ச்கொட் முயலின் பெருநாடித் துண்டுகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரு மருந்து, சில துண்டுகளைத் தளர்த்தியது, சிலவற்றைச் சுருக்கியது. உட்சுவரின் மெல்லிய படலம் உரசப்படாமல் இருந்த துண்டுகளே தளர்ந்தன என்பதை அவர் கண்டார். அப்படலம் ஏதோ ஒரு செய்தியைத் தசைக்கு அனுப்புகிறது என்று 1980 இல் வெளியிட்டார். அச்செய்தி நைத்திரிக்கு ஒட்சைட்டே என்பதைச் சில ஆண்டுகளில் அவரும் லூயி இக்னாரோவும் தெளிவாக்கினர். குழாயின் உட்படலம் தானே ஆக்கும் பொருளைத்தான் குளிசை வெளியிலிருந்து கொண்டு சேர்க்கிறது! தசைக்கலத்திலுள்ள கல்சியத்தின் செயல் குறைய, பிடி தளர்கிறது. மூவருக்கும் 1998 இல் பரிசு கிடைத்தது. பரிசின் பெயரோ நோபல் பரிசு. டைனமைற்றிலே திரட்டிய பொருள், அதே எண்ணெயின் மருத்துவ இரகசியத்தை அவிழ்த்தவர்களிடம் போய்ச் சேர்ந்தது.

இனி நம் உடப்பு அன்பர் ஏன் விழுந்தார் என்பதற்கு வருவோம். விடியற்காலையில் வெறுந் தேநீரோடு வந்தவர் அவர். மூன்று நான்கு மணி நேரம் வெயிலில் வியர்வை சிந்தியவர். உடலில் நீர் குறைந்திருக்கிறது; வெப்பத்தைத் தணிக்கத் தோலின் குழாய்கள் ஏற்கெனவே விரிந்திருக்கின்றன. அந்நிலையில் நின்றபடியே குளிசையை இட்டார். தளர்ந்த நாளங்களில் இரத்தம் கீழ்நோக்கிச் சென்று கால்களிலே தேங்கியது. மூளைக்கு ஏறவேண்டிய இரத்தம் சில கணம் போதாதாயிற்று. கண் இருண்டதும் கால் சோர்ந்ததும் அதனாலேயே. காலின் தசையில் மருந்து யாதொன்றும் செய்யவில்லை. தலைவலியும், முகச் சூடும் இதே தளர்ச்சியின் விளைவுகளே. அவை மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். நஞ்சின் அடையாளம் அல்ல.

நிழலிலே அமர்ந்துகொண்டு வைத்திருந்தால் அவர் விழுந்திருக்கமாட்டார் என்றே சொல்லலாம். படுத்துக்கொள்வதிலும் அமர்வது நன்று. படுத்தால் கால்களின் இரத்தம் இதயத்துக்குத் திரும்பி அதன் பாரத்தைக் கூட்டும். தோணியில் நிற்பவருக்கும், புத்தளத்து உப்பளங்களில் நடுப்பகலில் உப்பு வாருபவருக்கும் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். கடலில் நின்று தலை சுற்றினால் விழுவது மணலில் அன்று.

மற்றோர் ஆபத்தும் இங்கே கூறத்தக்கது. ஆண்மைக் குறைவுக்காக விற்கப்படும் சில்டெனாபில் முதலிய மருந்துகளும் இதே வழியாலேயே குழாய்களைத் தளர்த்துகின்றன. சில்டெனாபிலை ஆராயத் தொடங்கியதே மார்பு நோவுக்காகத்தான். மற்றப் பயன் இடையில் வெளிப்பட்டது. இவ்விரண்டும் ஒரே உடலிற் சேர்ந்தால் இரத்த அழுத்தம் உயிருக்கு இறுதியாகும் அளவுக்கு வீழலாம். கூச்சத்தால் இதனை வைத்தியரிடம் மறைப்பவர் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார்.

தளர்ச்சிக்கு உடல் பழகிப்போவதும் உண்டு. வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்தோரிடம் இது முதலிற் காணப்பட்டது. கிழமை ஆரம்பத்தில், திங்கட்கிழமையில், அவர்களுக்குத் தலைவலி வரும். இரண்டொரு நாளில் பழகிவிடும். விடுமுறை நாளில் மருந்தின் தொடர்பு அற்றதும், குழாய்கள் மீண்டும் இறுகி, சிலருக்கு மார்பு நோவே வந்தது, இறந்தாரும் உண்டு. 2002 இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஸ்டாம்லர் குழுவினர், நைத்திரோகிளிசரினை உடலிற் பிரிக்கும் நொதியம் கலத்தின் இழைமணியில் உள்ளதென்றும், ஓயாது வேலை வாங்கினால் அது முடங்கிப்போகிறதென்றும் காட்டினர். நாள்முழுதும் நிலைக்கும் வகையான மருந்துகளைக் கொடுக்கும் வைத்தியர்கள், இரவில் பல மணி நேரம் இடைவெளி விடச் சொல்வது இப்பழக்கத்தைத் தடுப்பதற்கே. நோவு வரும்போது மட்டும் வைக்கும் குளிசைக்கு அவ்வச்சமில்லை. பழகிவிடும் என்று எண்ணி நோவைத் தாங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இதயத்தை விட்டு அப்பாலும் இத்தளர்ச்சியைப் பயன்படுத்த முயன்றவர்கள் உளர். நம் கரையோரத்தில் இருளில் நடப்போர் அறியவேண்டிய ஓர் ஆராய்ச்சியை மட்டும் சொல்கிறேன். இலங்கையில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு தீண்டுகிறதென்றும், 400 பேர் அளவில் இறக்கின்றனர் என்றும் 2016 இல் வெளிவந்த நாடளாவிய ஆய்வு மதிப்பிட்டது. பல பாம்புகளின் நஞ்சிலுள்ள பெரிய மூலக்கூறுகள் நேரே இரத்தத்தில் நுழைய இயலாது நிணநீர்க் குழாய்களின் வழியே ஏறுகின்றன. அக்குழாய்களின் சுவரிலும் தசை உண்டு. அது விட்டு விட்டுச் சுருங்கி நிணநீரை மேலே தள்ளுகிறது. ஒஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் 2011 இல் நைத்திரோகிளிசரின் களிம்பைப் பூசி அத்தசையைத் தளர்த்தியபோது, நிணநீரின் ஓட்டம் மனிதரிலும் எலிகளிலும் மந்தமாயிற்று. நஞ்சூட்டிய எலிகள் கூடுதல் நேரம் உயிரோடிருந்தன. இது வைத்தியசாலையை அடையச் சிறிது நேரம் தேடித் தரலாமோ என்ற எண்ணமேயன்றி, நஞ்சுக்கு மாற்று அன்று. கண்ணாடி விரியன் தீண்டியவருக்கு இரத்த அழுத்தம் வீழ்வதும் உண்டாதலின், வீட்டிலிருக்கும் மார்பு நோய்க் குளிசையை அவர் நாவின் கீழ் வைப்பது பெருங் கேடாகும். அவருக்கு வேண்டியது அசையாத உடலும் விரைவான வண்டியும் நஞ்செதிர் மருந்துமே.

குளிசைக்குத் திரும்புவோம். அதனை விழுங்கினால் ஈரல் அதிற் பெரும் பகுதியை அழித்துவிடும். நாவின் கீழுள்ள மெல்லிய தோலினூடாகச் சென்றால் இரண்டொரு நிமிடத்தில் குழாய்களை எட்டும். அரை மணி நேரத்தளவில் அதன் பயன் தேய்ந்துவிடும். மாலைக் கரைவலைக்குக் கை வேண்டும் என்பவருக்கு இதில் இழப்பொன்றுமில்லை. அவ்வுழைப்பு அவருக்குத் தகுமா என்பதை வைத்தியரே சோதித்துச் சொல்லவேண்டும். நோவு முன்னிலும் சிறு உழைப்பில் வருமாயின், அல்லது ஓய்ந்திருக்கும்போதே வருமாயின், அச்செய்தி அன்றே வைத்தியரை அடையவேண்டும். அமர்ந்து குளிசை வைத்தும் ஐந்து நிமிடத்தில் நோவு தணியாவிடின் அது மாரடைப்பாக இருக்கலாம். அப்போது 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் வண்டியை வரவழைப்பதே முறை. வாடியிலிருந்து நடந்தோ, மோட்டார்ச் சைக்கிளின் பின்னே அமர்ந்தோ செல்வது முறையன்று.

இக்குளிசை வெயிலையும் காற்றையும் பொறாது. சாரத்தின் மடிப்பிலே முடிந்துகொண்டு கடலுக்குச் செல்வோர், நனைந்து, வெந்து, வலுவிழந்த வெண்பொடியையே திரும்பக் கொண்டுவருகின்றனர். தந்த நிறக் கண்ணாடிப் போத்தலிலேயே, பஞ்சு வைக்காமல், மூடியை இறுக்கி வைத்திருக்க வேண்டும். போத்தலைத் திறந்த நாளை அதன் மேல் எழுதி ஒட்டுவது நன்று. எட்டுக் கிழமை கடந்ததும் எஞ்சியதைக் கழித்துப் புதியதைப் பெறவேண்டும். வாடியின் வளையில் ஓராண்டாகத் தூங்கும் அந்தப் போத்தலை நம் அன்பர் இன்று எடுத்து வைத்தாலும் நோவு தணியாது. அதனைக் கழித்துவிட்டு, அடுத்த முறை சிகிச்சைக்குச் செல்லும்போது, முன்பு விழுந்த கதையையும் சொல்லி, புதிய போத்தலை அவர் கேட்டு வாங்கட்டும்.